ஏற்காட்டுச் செம்மண்ணும் டயாலிசிஸ் தண்ணீரும்

ஏற்காடு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏரி, படகு, லேடீஸ் சீட், காபித் தோட்டம், கோடை விழா. 'ஏழைகளின் ஊட்டி' என்று ஒரு பட்டப்பெயர் வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பது வரை பலருக்கும் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியெல்லாம் இல்லை. மலையில் நடந்தால் செருப்பில் ஒட்டிக்கொள்கிறதே செம்மண், அதற்குள் இருக்கும் ஒரு உலோகத்தைப் பற்றியது. அந்த உலோகம் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் சிறுநீரக நோயாளிகளின் எலும்பையும் மூளையையும் பதம் பார்த்தது. அதை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு மண்ணால் யாருக்கும் இந்த நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த உலோகத்தோடு மலை மக்கள் காலங்காலமாக வாழ்ந்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்ட சாது உலோகம் எப்படி விஷமானது என்பதுதான் கேள்வி.

மேலே ஒரு கல், கீழே ஒரு கல்

சேர்வராயன் மலையின் அடிப்படைப் பாறைக்குப் பெயர் சார்னோக்கைட். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் நம் மெட்ராஸ் பக்கத்துப் பாறையில் செய்தது. அதைப் பார்த்துத்தான் 1893 இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்கு அந்தப் பெயரை வைத்தார்.

இந்தப் பாறை மேல் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்தால் என்ன ஆகும்? கரையக்கூடிய கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் அங்கேயே தங்கிவிடும். இரும்பு துருப்பிடித்துச் சிவப்பு நிறம் கொடுக்கும். மலையின் உச்சியில் தட்டையான இடங்களில் இப்படித் தங்கியதுதான் பாக்சைட், அதாவது அலுமினியத்தின் தாதுக்கல். கால்சியம் போய் அலுமினியம் தங்குவது என்ற இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்துக்கு வந்தால் கதையே வேறு. சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குன்று வரிசை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் அது சுண்ணாம்பு கிடையாது. மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட்.

ஆக, உச்சியில் அலுமினியம், அடிவாரத்தில் மக்னீசியம். டயாலிசிஸ் வரலாற்றில் தண்ணீரால் வந்த இரண்டு பெரிய தொல்லைகளில் இரண்டு பேருக்குமே பங்கு உண்டு. முதலில் வந்தது கீழ்க்கல் தொல்லை, அடுத்து வந்தது மேல்கல் தொல்லை.

மலை எப்படிப் பாத்திரம் ஆனது?

1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. அவற்றில் ஒன்று மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ. 1965 இல் உற்பத்தி தொடங்கியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் அங்கே போனது.

செய்முறை இதுதான். பாக்சைட்டைப் பொடியாக்கிச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைக்க வேண்டும். அலுமினியம் கரையும், இரும்பு கரையாமல் சிவப்புச் சேறாக ஒதுங்கும். கரைசலிலிருந்து அலுமினா என்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். அதை உருக்கி அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அலுமினியம். நாலைந்து டன் பாக்சைட்டுக்கு ஒரு டன் அலுமினியம் கிடைக்கும், அந்த ஒரு டன்னுக்குச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டூரைத் தேர்ந்தெடுத்த காரணம் இப்போது புரிகிறதா? 2008 இன் இறுதியில் அந்த உருக்காலை நின்றுபோனது.

அலுமினியம் தூக்குப்போசியாகவும் இட்லிக் குண்டாவாகவும் நம் வீட்டுக்கு வந்தது ஒரு வழி. இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படிகாரம். கலங்கிய ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கக் குடிநீர் நிலையங்களில் போடுவது அலுமினியம் கலந்த இந்த உப்பைத்தான். இன்னொன்று, அலுமினியம் ஹைட்ராக்சைடு. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் கூழ் போன்ற மருந்துகள் பலவற்றில் இது இருக்கிறது. பாத்திரம், தண்ணீர், மருந்து என்று மூன்று பக்கமும் அலுமினியம்தான். ஆனாலும் நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். காரணம், நம் குடல் அலுமினியத்தை உள்ளே விடுவதே இல்லை என்று சொல்லலாம். சாப்பிட்டதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ரத்தத்துக்குள் போகும். அந்தத் துளியையும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

இரண்டு காவல்காரர்கள். ஒருவர் குடல், இன்னொருவர் சிறுநீரகம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால்?

கால்சியக் கணக்குப்பிள்ளை

அதற்கு முன் சிறுநீரகத்தின் இன்னொரு வேலையைப் பார்த்துவிடலாம். சிறுநீரகம் என்றால் சிறுநீர் தயாரிக்கும் உறுப்பு என்றுதான் நினைக்கிறோம். உடம்பின் கால்சியக் கணக்கை எழுதுவதிலும் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நம் உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அது கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைந்தால் தசை இழுத்துக்கொள்ளும், இதயம் தடுமாறும். இதைக் கண்காணிப்பது கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவில் ஒளிந்திருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள்.

இவை கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவாரசியமானது. லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1849 இல் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இந்தச் சுரப்பியை முதலில் பார்த்துக் குறித்துவைத்தார். நம்ம ஊர்க் காண்டாமிருகம்தான் :-) மனிதர்களிடம் இதைக் கண்டுபிடித்து 1880 இல் எழுதியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ராம். அவர் இதை முதலில் ஒரு நாயிடம் கவனித்தபோது மருத்துவ மாணவர். நம்மைப் போல ஒரு ஸ்டூடண்ட்! இதற்கும் கால்சியத்துக்கும் உள்ள தொடர்பு 1909 இல் தெளிவானது. பாராதைராய்டை எடுத்துவிட்டதால் இழுப்பு வந்த விலங்குகளுக்குக் கால்சியம் கொடுத்ததும் இழுப்பு நின்றது.

1970 இல் இன்னொரு உண்மை வெளிவந்தது. வெயிலிலிருந்து கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. அதைக் கடைசிக் கட்டத்தில் வீரியமுள்ளதாக மாற்றுவது சிறுநீரகம்தான் என்று கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் காட்டினார்கள்.

இப்போது சிறுநீரகம் செயலிழந்தால் என்ன ஆகும் என்று வரிசையாகப் பாருங்கள்.

பாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும்.
வீரியமுள்ள வைட்டமின் டி குறையும், குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறையும்.
ரத்தத்தில் கால்சியம் இறங்கும்.
பாராதைராய்டு பதறிப்போய் ஹார்மோனைக் கொட்டும்.
அந்த ஹார்மோன் எலும்பை உடைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்குக் கொடுக்கும்.

வருமானம் நின்ற குடும்பம் வீட்டு நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்துச் சாப்பிடுகிற மாதிரி. நாள் ஓடும், ஆனால் பெட்டி காலியாகும். அந்தப் பெட்டிதான் எலும்பு.

இயந்திரம் வந்தது, தண்ணீரும் வந்தது

இரண்டாம் உலகப்போர் நேரம். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில், காம்பென் என்ற சிறிய ஊரில், வில்லம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் 1943 இல் ஒரு இயந்திரத்தைச் செய்தார். மரச்சட்டத்தில் செய்த ஒரு உருளை, அதில் சுற்றிய செலோபேன் குழாய் (சாசேஜ் இறைச்சியைச் சுற்றும் உறை அது), அதற்குள் ரத்தம், வெளியே தொட்டியில் உப்புக் கரைசல். ரத்தத்தில் உள்ள கழிவு மெல்லிய சவ்வு வழியாகக் கரைசலுக்கு வந்துவிடும். ஆரம்பத்தில் நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945 இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார்.

ஆனாலும் அது சில நாள் வைத்தியம்தான். ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயை வெட்டவேண்டி இருந்தது. 1960 இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் டெஃப்லான் குழாயை நோயாளியின் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி அதன் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். சிறுநீரகம் செயலிழந்தவர் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்பது அன்றுதான் உண்மையானது.

ஆண்டுக்கணக்கில் வாழும்போதுதான் புதுப்புது நோய்களும் தெரிய ஆரம்பித்தன.

டயாலிசிஸ் கரைசலில் பெரும் பங்கு தண்ணீர். நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் குடிக்கும் தண்ணீரோ ஒரு நாளைக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் வாரத்துக்கு 14 லிட்டர்தான். அந்த 14 லிட்டருக்கும் நடுவில் குடல் என்ற காவல்காரர் நிற்கிறார். டயாலிசிஸில் 360 லிட்டருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. சின்ன மூலக்கூறாக இருந்தால் விட்டுவிடும்.

முதல் தொல்லை 1967 இல் அமெரிக்காவில் பதிவானது. உப்புத்தண்ணீரை மென்மையாக்கும் கருவி பழுதாகி, கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடின நீர் அப்படியே டயாலிசிஸுக்குப் போய்விட்டது. நோயாளிகளுக்குக் குமட்டல், வாந்தி, கை கால் தளர்ச்சி, ரத்த அழுத்த ஏற்றம். அதற்குக் 'கடின நீர் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். நம் வீட்டுக் குடத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதுதான் நான் சொன்ன கீழ்க்கல் தொல்லை. காரணம் உடனே தெரிந்தது, மென்மையாக்கும் கருவியைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்தார்கள்.

மென்னீரே நல்ல நீர் என்ற எண்ணம் வலுத்தது. அடுத்த தொல்லை வந்தது அங்கேதான்.

பேச்சு தடுமாறியவர்கள்

1972 இல் அமெரிக்காவின் டென்வரில் ஆலன் ஆல்ஃப்ரி குழுவினர் ஒரு புது நோயைப் பற்றி எழுதினார்கள். நீண்ட நாள் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பேச்சு தடுமாறியது. முதலில் டயாலிசிஸ் முடிந்த கையோடு கொஞ்ச நேரம் திக்கும், பிறகு சரியாகும். போகப்போகத் திக்கல் நிலைத்துவிடும். பிறகு கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பு வரும், ஞாபகம் போகும். பெரும்பாலோர் ஓர் ஆண்டுக்குள் இறந்துவிட்டார்கள். இதற்கு டயாலிசிஸ் டிமென்ஷியா என்று பெயர் வந்தது.

இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த ஆல்ஃப்ரி குழு 1976 இல் முடிவை வெளியிட்டது. இந்த நோயால் இறந்தவர்களின் மூளைச் சாம்பல் பகுதியில், உலர்ந்த எடையில் ஒரு கிலோவுக்கு 25 மி.கி. அலுமினியம் இருந்தது. டயாலிசிஸ் செய்தும் இந்த நோய் வராமல் வேறு காரணத்தால் இறந்தவர்களிடம் 6.5 மி.கி. மற்றவர்களிடம் 2.2 மி.கி. இந்த மூன்று எண்களே கதையைச் சொல்லிவிட்டன.

கடலுக்கு அந்தப்பக்கம் இங்கிலாந்தின் நியூகாசிலில் வேறொரு புதிர். அங்கே டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எலும்பு முறிந்துகொண்டே இருந்தது. விலா எலும்பு, இடுப்பு எலும்பு, லேசாக இடித்தாலே முறிவு. சரி, நாம் மேலே பார்த்த பாராதைராய்டு பிரச்சினைதான் என்று நினைத்தால், இவர்களுக்கு அந்த ஹார்மோன் அவ்வளவாக ஏறவில்லை. வைட்டமின் டி குறை என்று அதைக் கொடுத்தால் எலும்பு ஆறவில்லை, ரத்தத்தில் கால்சியம் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியது. கால்சியம் இருக்கிறது, எலும்பும் காத்திருக்கிறது, ஆனால் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

இன்னொரு விசித்திரம், எல்லா ஊரிலும் இப்படி இல்லை. அதே மாதிரி இயந்திரம், அதே மாதிரி மருந்து, ஆனால் சில ஊர்களில் இந்த எலும்பு நோய் அபூர்வம். ஊருக்கு ஊர் மாறுவது என்ன? தண்ணீர்!

இங்கிலாந்தில் அப்போது பலர் வீட்டிலேயே குழாய்த் தண்ணீரை வைத்து டயாலிசிஸ் செய்துகொண்டார்கள். ஷெஃபீல்டில் பிளாட்ஸ் குழுவினர் வீட்டுக் குழாய் நீரையும் எலும்பு முறிவையும் மூளை நோயையும் ஒப்பிட்டு 1977 இல் எழுதினார்கள். 1978 இல் நியூகாசிலில் வார்டு, பார்கின்சன், கெர் ஆகியோர் இருந்த குழு, எலும்பு நோய்க்குக் காரணம் தண்ணீர் வழியாக வரும் ஒரு பொருள், அநேகமாக அலுமினியம் என்று சொன்னது. 1979 இல் பிரிட்டனின் 18 டயாலிசிஸ் மையங்களில் 1,293 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். தண்ணீரில் அலுமினியம் கூடின இடங்களில் எலும்பு முறிவும் கூடியிருந்தது, மூளை நோயும் கூடியிருந்தது.

தண்ணீருக்குள் அலுமினியம் எப்படி வந்தது? மலை, சதுப்பு நிலத்திலிருந்து வரும் தண்ணீர் மென்மையாக இருக்கும், ஆனால் பழுப்பு நிறமாக இருக்கும். நிறம் போகப் படிகாரம் போடுவார்கள். குடிக்க அருமையான தண்ணீர். டயாலிசிஸுக்கு விஷம்.

ரத்தத்துக்குள் வந்த அலுமினியம் திரும்பிப் போகாததற்கும் காரணம் உண்டு. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அலுமினியத்தையும் பிடித்துக்கொள்ளும். புரதம் பெரியது, சவ்வைத் தாண்ட முடியாது. ஆக உள்ளே வருவதற்கு வழி உண்டு, வெளியே போவதற்கு வழி இல்லை. ரத்தத்திலிருந்து அது எலும்புக்குப் போய், புதிதாகக் கால்சியம் படியவேண்டிய விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறது. கால்சியம் படிய முடியாது. பாராதைராய்டையும் அது அடக்கிவிடுவதால்தான் ஹார்மோன் ஏறவில்லை.

சேர்வராயன் மலையில் மழை செய்தது ஞாபகம் இருக்கிறதா? கால்சியம் போய் அலுமினியம் தங்கியது. மலைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தது. மனித எலும்பில் அதே மாதிரி ஒன்று நடக்கச் சில ஆண்டுகள் போதுமாக இருந்தது.

மருந்தே நோயானது

தண்ணீரோடு கதை முடியவில்லை. தேங்கும் பாஸ்பரஸைக் குறைக்க, சாப்பாட்டோடு அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுப்பது வழக்கம். அது வயிற்றிலேயே பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். 1941 இலிருந்தே தெரிந்த வைத்தியம் இது. குடல் அலுமினியத்தை விடாது, அதனால் ஆபத்தில்லை என்பது நம்பிக்கை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் அலுமினியம் ஏறுகிறது என்று 1970 இலேயே பெர்லைன் எச்சரித்தார். பலர் காதில் வாங்கவில்லை.

நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தினமும் கிராம் கணக்கில், ஆண்டுக்கணக்கில் விழுங்கினால்? வெளியே தள்ளச் சிறுநீரகமும் இல்லை. டென்வர் குழு மருந்தைச் சந்தேகித்தது, நியூகாசில் குழு தண்ணீரைச் சந்தேகித்தது. கடைசியில் இரண்டு பேர் சொன்னதும் சரி என்று ஆனது. எலும்பைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தே எலும்பைக் கெடுத்திருந்தது.

இதில் ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ஆரஞ்சு, எலுமிச்சையில் உள்ள சிட்ரேட், அலுமினியம் குடலைத் தாண்ட உதவி செய்யும். சிட்ரேட் மருந்தையும் அலுமினிய மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு விபரீதமான பாதிப்புகள் 1980களில் பதிவாயின. ஆரோக்கியமானவர்கள் பயப்பட வேண்டாம், ஆரஞ்சைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வயிற்றெரிச்சல் மருந்தைக்கூட டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

1980 இல் மான்செஸ்டரில் ஆக்ரில் குழு, உடம்பில் மிஞ்சிய இரும்பை எடுக்கப் பயன்படும் டெஸ்ஃபெர்ரியாக்சமின் மருந்தால் அலுமினியத்தையும் வெளியே எடுக்க முடியும் என்று காட்டியது. 1986 இல் ஸ்லாட்டோபோல்ஸ்கி குழு, அலுமினியத்துக்குப் பதில் கால்சியம் கார்பனேட் கொடுத்தாலும் பாஸ்பரஸ் குறையும் என்று எழுதியது. அப்பாடா, கால்சியமும் கிடைக்கும், பாஸ்பரஸும் போகும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

அங்கேயும் ஒரு வில்லங்கம். 2000 இல் குட்மேன் குழுவினர் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இளைஞர்களின் இதய ரத்தக்குழாயைப் படமெடுத்தார்கள். 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தது. நம்ம வயசு! எலும்பில் இருக்கவேண்டிய கால்சியம் இதயக் குழாயில். கால்சியம் கலந்த மாத்திரைகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இது கூடுதலாக இருந்தது. அதனால்தான் இப்போது கால்சியத்தையும் அளவோடு கொடுக்கிறார்கள், கூடவே செவலமர், லாந்தனம் போன்ற மருந்துகளும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு தீர்வும் அடுத்த கேள்வியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

நம் ஊரில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் தலைநகரம் வேலூர். சி.எம்.சி. மருத்துவமனையில் 1960களின் தொடக்கத்திலேயே டயாலிசிஸ் செய்தார்கள். 1971 பிப்ரவரியில் டாக்டர் மோகன் ராவ், டாக்டர் ஜானி குழு, உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகத்தை அங்கே வெற்றிகரமாகப் பொருத்தியது. இந்தியாவில் அது ஒரு மைல்கல்.

டென்வரிலும் நியூகாசிலிலும் மூளை நோயை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஏற்காட்டு பாக்சைட் மேட்டூரில் உருகிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நோயைப் பற்றிய பெரிய ஆய்வுகள் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும்தான் வந்தன. நம் தண்ணீர் சுத்தம் என்பதாலா? இல்லை. அலுமினிய நோய் வரவேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்திருக்க வேண்டும். 1970களில் நம் நாட்டில் அப்படிச் செய்துகொள்ள முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். டயாலிசிஸ் என்பது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்க ஒரு பாலம், அவ்வளவுதான். மற்றவர்கள் அலுமினியம் சேர்வதற்கு முன்பே, எலும்பு தேய்வதற்கு முன்பே போய்விட்டார்கள். ஒரு நோய் நம்மிடம் இல்லாததற்கு வறுமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை இதைப் படிக்கும்போதுதான் நான் புரிந்துகொண்டேன்.

இன்று நிலைமை மாறிவிட்டது. அரசு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2016 இல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. சேலம் அரசு மருத்துவமனை முதல் பல ஊர்களில் டயாலிசிஸ் நடக்கிறது. மலைக்கிராமத்து நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஏற வேண்டும் என்றாலும், ஆண்டுக்கணக்கில் வாழ வழி வந்திருக்கிறது. அதாவது, அன்று நியூகாசில் நோயாளிகள் இருந்த இடத்துக்கு நம் ஆட்கள் இப்போது வந்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பழைய பாடம் இன்று நமக்குத்தான் அதிகம் தேவை.

பாடம் படித்த பிறகும் விபத்து நடந்திருக்கிறது. 1993 இல் போர்ச்சுகலின் எவோரா நகரில் டயாலிசிஸ் நீரில் அலுமினியம் ஏறி நோயாளிகள் இறந்தார்கள். 1996 இல் கரீபியன் தீவான குராசாவோவில், உள்ளே சிமெண்ட் பூசிய புதுக் குழாய் போட்டார்கள். கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர் அந்தச் சிமெண்ட்டிலிருந்து கால்சியத்தையும் அலுமினியத்தையும் கரைத்து எடுத்துவந்தது. 27 நோயாளிகளில் 10 பேர் இறந்தார்கள். ஒரு குழாய் மாற்றியதற்குப் பத்து உயிர்!

இந்திய தரக்கட்டுப்பாட்டின்படி குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.03 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 0.2 வரை அனுமதி. டயாலிசிஸ் நீருக்கு உலக அளவுகோல் 0.01 மி.கி. அதாவது சட்டப்படி குடிக்கத் தகுந்த தண்ணீரில், டயாலிசிஸுக்கு அனுமதித்ததைவிட 20 மடங்கு அலுமினியம் இருக்கலாம். அந்த இடைவெளியை அடைப்பது டயாலிசிஸ் அறைக்குப் பின்னால் ஓடும் ஆர்.ஓ. இயந்திரம்தான். குளோரினை எடுக்கக் கரி வடிகட்டி, கால்சியம் மக்னீசியத்தை எடுக்க மென்மையாக்கி, கடைசியில் ஆர்.ஓ. சவ்வு. சிறுநீரகத்தைப் போலவே அதையும் யாரும் கவனிப்பதில்லை, கெட்டுப்போகும் வரை.

படுக்கைகளை எண்ணலாம், இயந்திரங்களை எண்ணலாம், திறப்பு விழாவில் போட்டோவும் எடுக்கலாம். தண்ணீரின் தரம் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது ரசாயனப் பரிசோதனை செய்து தாளில் எழுதிவைத்தால்தான் தெரியும். உங்களுக்குத் தெரிந்த யாராவது டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தால், "தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்று அங்கே ஒரு வார்த்தை மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் டென்வரிலும் நியூகாசிலிலும் பேச்சு தடுமாறி, எலும்பு முறிந்து இறந்துபோன நோயாளிகள். கேட்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.